நான்கு புள்ளி ஆறு

திரையில் நான்கு புள்ளி ஆறு என்று வந்ததும் வாக்னர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து கைதட்டினான். பக்கத்து மேசையில் இருந்த இரண்டு பேர் என்ன ஏது என்று கேட்காமலேயே கூடச் சேர்ந்து தட்டினார்கள். ஐந்து நிமிஷத்தில் யாரோ சிற்றுண்டிச் சாலைக்குப் போய் ஒரு தட்டு நிறையச் சுடச்சுட சீஸ் உருண்டைகள் வாங்கி வந்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். கட்டுப்பாட்டு அறைக்குள் தின்பண்டம் கூடாது என்று சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதை ஒட்டியவனே வாக்னர்தான். அவனே முதல் உருண்டையை எடுத்து ஜுஸாராவின் கையில் திணித்தான்.

"ஒருவழியா வந்துட்டியே ஜூ. நாலு வருஷம். நான்கூட உனக்குப் பள்ளிக்கூட வாத்தியார் வேலைதான்னு நெனச்சுட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜுஸாராவும் சிரித்திருக்க வேண்டும். நான்கு வருஷமாக இந்த ஒரு எண்ணுக்காகத்தான் அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபோது அவளுக்குப் புசுபுசுவென்று கோபம்தான் வந்தது. ஏன் என்று அவளுக்கே உடனே சொல்லத் தெரியவில்லை. பரிசு கொடுக்கிறேன் என்று கூப்பிட்டு மேடையில் நிறுத்தி, வேறு யாருடைய பரிசையோ கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

சொல்லப்போனால் சின்ன வேலைதான். கரும்புத் தோகையை ஒரு சிறிய அடுப்பில் எரிக்க வேண்டும். அந்தப் புகையில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத துகள்களைக் குழாய் வழியே, காற்றை உறிஞ்சியெடுத்த எஃகுக் கலனுக்குள் நூல் போல ஓட விட வேண்டும். ஓடுகிற துகள்மேல் ஒளி வளையத்தில் இருந்து, அதாவது எலக்ட்ரான்களை வட்டமாகச் சுழலவிட்டு ஒளி எடுக்கிற அந்தப் பெரிய இயந்திரத்தில் இருந்து வருகிற புற ஊதா ஒளி பாயும். ஒளி போதுமான வலுவோடு இருந்தால் துகளில் இருந்து எலக்ட்ரான் தெறித்து வெளியே வரும், இல்லாவிட்டால் வராது. ஒளியின் வலுவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் முதல் எலக்ட்ரான் தெறிக்கிறது என்று பார்க்க வேண்டும். துகளின் மேல்தோல் வெறும் கரியா, அதன்மேல் பிசுபிசுப்பாக வேறு எதுவும் படிந்திருக்கிறதா என்று அந்த எண் காட்டிக் கொடுத்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை, துகள் பறந்துகொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். எதன்மேலாவது உட்கார்ந்துவிட்டால் அப்புறம் வருவது துகளின் எண் அல்ல, உட்கார்ந்த இடத்தையும் சேர்த்துக் கிடைக்கிற எண்.

நான்கு புள்ளி ஆறு எலக்ட்ரான் வோல்ட் என்று முதலில் அளந்து சொன்னவன் வாக்னர். அப்போது அவனும் பேராசிரியர் ஹெலோயிசாவிடம் ஆராய்ச்சி மாணவன். கரும்புப் புகையின் துகள் பறக்கும்போது வெறும் கரி, மேலே தோல் கிடையாது என்று அந்தக் கட்டுரை சொன்னது. எளிமையான கதை, எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. அதை வைத்து வாக்னருக்கு இதே ஒளி வளையத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. இந்த ஒளிக்கற்றைக்கு அவன்தான் பொறுப்பு. ஹெலோயிசாவை ஊர் ஊராகப் பேசக் கூப்பிட்டார்கள். அந்த எண்ணில் இருந்து தொடங்கி, துகளின்மேல் ஈரம் ஏறினால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் ஜுஸாராவுக்குக் கொடுத்த வேலை. தொடக்கப்புள்ளியே அவளுக்கு வரவில்லை. ஐந்து புள்ளி மூன்று வந்தது. மறுபடி செய்தாள், ஐந்து புள்ளி மூன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் ஒளி நேரம் கொடுப்பார்கள். வாரத்துக்கு வாரம் ஐந்து புள்ளி மூன்று.

வளையத்தில் ஒரு பேச்சு உண்டு. கருவி எல்லாருக்கும் ஒன்றுதான், கைதான் வேறு என்பார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே அவளை ஒரு வழி பண்ணினார்கள். ஹெலோயிசா அன்பாகச் சொன்னார், வாக்னர் கிண்டலாகச் சொன்னான், மற்றவர்கள் சொல்லாமல் புருவத்தைத் தூக்கினார்கள். அவளும் அதை நம்பித் தொலைத்தாள். அடுப்பை மாற்றினாள், குழாயை மாற்றினாள், பிறந்த ஊரான அரராக்குவாராவில் இருந்து தோகையைத் தானே அறுத்துக் காய வைத்து எடுத்து வந்தாள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கழுவினாள். துகள்கள் கலனுக்குள் நுழைகிற இடத்தில், நடுவில் ஊசித்துளை போட்ட ஒரு எஃகுக் கூம்பு இருக்கும். தினமும் காலையில் கலனைத் திறந்து அந்தக் கூம்பைக் கழற்றி, ஆல்கஹாலில் துடைத்து, வெள்ளைத் துணியில் ஒரு புள்ளிக் கரிகூட ஒட்டாத அளவுக்குப் பளபளவென்று ஆக்கித்தான் திரும்ப மாட்டுவாள். கலனைத் திறந்தால் உள்ளே புகுந்த காற்றை மறுபடி உறிஞ்சி எடுக்க மூன்று மணி நேரம் ஆகும். கிடைக்கிற எட்டு மணி நேரத்தில் மூன்று மணி நேரத்தை அதற்கே கொடுத்தாள்.

இந்த முறை வாக்னர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டான். "கலனைத் தெறக்கிற வேலையெல்லாம் வேணாம். உனக்கு அது ஒரு வியாதி ஆயிடுச்சு. ஒரு வாரம் தெறக்காம ஓட்டு. நான் அப்படித்தான் ஓட்டினேன்."

சரி என்று ஓட்டினாள். திங்கட்கிழமை ஐந்து புள்ளி மூன்று. செவ்வாய் ஐந்து புள்ளி இரண்டு. புதன் ஐந்து. வியாழன் நான்கு புள்ளி எட்டு. வெள்ளிக்கிழமையான இன்று பகல் பன்னிரண்டரைக்கு நான்கு புள்ளி ஆறு. கை தேறிக்கொண்டு வருகிறது என்றார்கள் எல்லாரும்.

கையில் இருந்த சீஸ் உருண்டை ஆறிப்போயிற்று. ஜுஸாரா அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். இந்த ஐந்து நாளில் தான் புதிதாகச் செய்தது என்ன என்று யோசித்தாள். ஒன்றுமில்லை. செய்யாமல் விட்டது என்ன என்று யோசித்தாள். அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. அந்தப் பதில் வந்ததும் கோபம் மறுபடி ஏறியது. இப்போது அதற்குக் காரணம் தெரிந்துவிட்டது.

"வாக்னர், வெற்றோட்டம் எடுக்கணும்," என்றாள்.

குழாயின் நடுவே ஒரு வடிகட்டியை மாட்டிவிட்டால் துகள் எல்லாம் அதிலேயே தங்கிவிடும். வெறும் காற்றுதான் கலனுக்குள் போகும். அப்போது எலக்ட்ரான் எண்ணிக்கை விழுந்து தரையோடு படுத்துவிட வேண்டும். படுக்காவிட்டால், இவ்வளவு நேரம் எண்ணிக்கொண்டிருந்தது பறக்கிற துகளை அல்ல, வேறு எதையோ என்று அர்த்தம். அதற்குப் பெயர்தான் வெற்றோட்டம். கலனைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் வடிகட்டியை மாட்டினால் காற்றோட்டம் தடுமாறி நிதானத்துக்கு வர நேரமாகும். மொத்தத்தில் நாற்பது நிமிஷம் போய்விடும். ஒளி நேரத்தை நிமிஷக் கணக்கில் பிச்சை கேட்டு வாங்குகிற இடத்தில் நாற்பது நிமிஷத்தை யாரும் ஒன்றுமில்லாததை அளக்கச் செலவழிப்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டு மற்ற நாளுக்கெல்லாம் ஏட்டில் 'சரி' என்று போட்டுக்கொண்டு போவது வழக்கம். சிலர் அந்த ஒருமுறையும் எடுப்பதில்லை.

"இப்ப எதுக்கு வெற்றோட்டம்?" என்றான் வாக்னர். "வந்த எண்ணு கைய விட்டுப் போறதுக்கா?"

"கூம்போட விளிம்புல கரி படிஞ்சிருக்கு. அஞ்சு நாளா படியுது. ஒளி சிதறி அது மேல படுது. நாம அந்த அழுக்கை அளந்துக்கிட்டு இருக்கோம்."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. வாக்னர் முட்டாள் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"அதெல்லாம் நாலு வருஷம் முன்னாடியே பாத்தாச்சு," என்றான். "போய் ஏட்டை எடுத்துப் பாரு. ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கும்."

பழைய ஏடுகள் தாழ்வாரத்து இரும்பு அலமாரியில் இருந்தன. அவள் அதை நோக்கி நடந்த நடையைப் பார்த்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவனை இன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று இருந்தது. நாலு வருஷம். எத்தனை இரவு தன் கையை விரித்து வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள். கல்யாணம் பேசியவன் கூட, நீ அந்தக் கூம்பைத்தான் கட்டிக்கொள்ளணும் என்று சொல்லிவிட்டுப் போனான். எல்லாம் இந்த ஒருத்தனுடைய சோம்பேறித்தனத்தால். அந்த வருஷத்து ஏட்டை உருவி, நின்றபடியே புரட்டினாள். ஆகஸ்ட் மாதம். நான்கு புள்ளி ஆறு வந்த வாரம். ஆறு நாள். ஆறு நாளும் கலனைத் திறக்கவில்லை. 'வெற்றோட்டம்' என்று அச்சடித்திருந்த கட்டத்தில் ஆறு நாளும் 'சரி', 'சரி' என்று இருந்தது. நீல மை. 'ச'வுக்குக் கொஞ்சம் கூடுதலாக வால். பக்கத்தில் எழுதியவரின் முதலெழுத்துகள்: ஜு. கி. ஜுஸாரா கின்டினோ.

முதல் நாளில் இருந்து ஆறு கட்டத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி படித்தாள்.

சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது அப்போது. கட்டுப்பாட்டு அறையில் ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கருவிக்குப் பின்னால் இருந்து வாக்னர் ஒவ்வொன்றாகக் குரல் கொடுத்தான், இவள் எழுதினாள். அழுத்தம் இவ்வளவு. காற்றோட்டம் இவ்வளவு. வெற்றோட்டம் சரின்னு போட்டுக்கோ. போட்டாள். வெற்றோட்டம் என்றால் என்ன என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. கேட்டால் இதுகூடத் தெரியாமல் வந்துவிட்டாளே என்று நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டாள். ஆறு நாளும் போட்டாள். கட்டுரை அச்சில் வந்தபோது கடைசி வரியில் அளவீட்டில் உதவியதற்காக அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வரியைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். அம்மா அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தாள்.

திரும்பி வந்தபோது ஹெலோயிசா வந்திருந்தார். கடைசி நாள் என்று சாவோ பாலோவில் இருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வந்த வேகத்தில் ஜுஸாராவை இழுத்துக் கட்டிக்கொண்டார். அவருடைய தோளுக்கு மேலே வாக்னரின் முகம் தெரிந்தது. இவள் கையில் விரிந்திருந்த ஏட்டை அவன் பார்த்தான். அவன் முகத்தில் வெற்றியெல்லாம் இல்லை. அந்தச் 'சரி'யை எழுதியது யார் என்று அவனுக்கும் இப்போதுதான் நினைவு வருகிறது என்று தெரிந்தது.

"மகளே, எனக்குத் தெரியும், ஒருநாள் வரும்னு," என்றார் ஹெலோயிசா. "நவம்பர்ல உனக்குத் தேர்வு. குழுவுல அஞ்சு பேரும் சரின்னுட்டாங்க. லிஸ்பன்காரர் டிக்கெட்டே போட்டுட்டார். இன்னிக்கு வரைபடத்த எடுத்துக்க, எழுதி முடி, டாக்டர்னு வெளிய வா."

"மேடம், இது துகளோட எண் இல்ல. கூம்புல படிஞ்ச கரியோட எண். வடிகட்டி போட்டுப் பாத்துட்டு எழுதுறேன்."

ஹெலோயிசா வாக்னரைப் பார்த்தார். வாக்னர் தரையைப் பார்த்தான்.

"அப்ப அன்னிக்கு வெற்றோட்டம்?" என்று கேட்டார்.

ஏடு ஜுஸாராவின் கையில்தான் இருந்தது. அவளே நீட்டினாள். ஹெலோயிசா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார், பக்கத்தைத் திருப்பினார், மறுபடி திருப்பினார்.

"இது உன் கையெழுத்து," என்றார்.

"ஆமா."

"நேத்தே எடுத்தோம்னு நெனச்சுத்தான் சொன்னேன் ஜூ," என்றான் வாக்னர் மெல்லிய குரலில். "சத்தியமா. தினமும் அதுக்கு முந்தின நாள் எடுத்ததா நெனச்சேன். எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க."

ஹெலோயிசா ஏட்டை மூடி மேசைமேல் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஜுஸாராவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ரொம்ப நிதானமாக, சோறு ஊட்டுகிற மாதிரிப் பேசினார். இப்போதைக்கு எண் பொருந்துகிறது. பொருந்துகிற எண்ணை யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை. பட்டம் வாங்கிய பிறகு, புதிய முறையில் அளந்தோம், கொஞ்சம் வேறாக வருகிறது என்று ஒரு கட்டுரை போட்டுக்கொள்ளலாம். யாருக்கும் காயம் படாது. ஏட்டில் இருப்பது உன் எழுத்து, அதையும் யோசி. பூசி மெழுகுவதில் இவ்வளவு கனிவு இருக்க முடியும் என்று ஜுஸாரா அன்றைக்குத்தான் கண்டாள்.

அவளுக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். நவம்பர் மாதம், நல்ல உடை, அம்மா முன்வரிசையில். ஐந்து பேர் எழுந்து கைகுலுக்குவார்கள். கை தேறிவிட்டது என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்பதற்காக அவள் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். ஆனால் கை என்றதும் அவளுக்கு டெல்மாவின் நினைவு வந்துவிட்டது. அது வராமல் இருந்திருந்தால் அன்றைக்கு என்ன செய்திருப்பாள் என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியாது.

டெல்மா அமேசான் பக்கத்து மனாவுஸ்காரி. அங்கே காட்டுத்தீப் புகையை வைத்து இதே வேலையைச் செய்துகொண்டிருந்தாள். சரிபார்ப்பதற்காக முதலில் கரும்புப் புகையை அளந்தாளாம், நான்கு புள்ளி ஆறு வரவில்லையாம். ஜுஸாராவை நேரில் பார்த்ததில்லை. கட்டுரையின் கடைசி வரியில் பெயரைப் பார்த்துவிட்டு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றாவது கடிதத்தில், உங்களுக்கு எப்படி வந்தது என்று ஒரே ஒரு தடவை தொலைபேசியில் சொல்வீர்களா, என் வழிகாட்டி என்னைச் சந்தேகப்படுகிறார் என்று எழுதி, எண்ணும் கொடுத்திருந்தாள். எனக்கும் வரவில்லை என்று ஜுஸாரா ஒரு வரி பதில் போட்டிருக்கலாம். போடவில்லை. போட்டால் தன் கையின் லட்சணம் மனாவுஸ் வரை தெரிந்துவிடுமே. கூம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், பொறுமையாகச் செய்யுங்கள் என்று பெரிய மனுஷியாட்டம் எழுதி அனுப்பினாள். போன வருஷம் ஒரு மாநாட்டில் விசாரித்தபோது, கைத்திறன் போதாது என்று அவளுடைய வழிகாட்டி எழுதிக் கொடுத்துவிட்டார், ஏதோ பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகப் போய்விட்டாள் என்றார்கள். வாக்னர் சற்று முன்பு அடித்த கிண்டல் வேறொருத்திக்கு ஏற்கெனவே பலித்திருந்தது.

"வடிகட்டி எங்க இருக்கு?" என்றாள் ஜுஸாரா.

"மணி ரெண்டாகப் போகுது," என்றான் வாக்னர். "மூணு மணிக்கு அர்ஜென்டினாக்காரங்க. ரெண்டேகாலுக்கே குழாயக் காலி பண்ணிக் குடுக்கணும். அவங்க ஒத்துக்கிட்டாத்தான் நேரம். என் கைல இல்ல."

அர்ஜென்டினாக்காரர்கள் வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, மாத்தே என்கிற இலைத் தேநீர்க் குடுவையைக் கைமாற்றிக் கைமாற்றி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். உப்புநீர்த் துளிகளைப் பறக்கவிட்டு அளக்க கோர்டோபாவில் இருந்து வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி நெலிடா. அறுபது வயது, குட்டை முடி, கரகரத்த குரல். ஜுஸாரா போய் நின்று நாற்பது நிமிஷம் கேட்டாள். பின்னாலேயே வாக்னரும் ஹெலோயிசாவும் வந்து நின்றார்கள்.

"உங்க நாட்டு நாற்பது நிமிஷம் எங்க நாட்டுல எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்," என்றாள் நெலிடா. "எதுக்கு?"

"வெற்றோட்டம் எடுக்க."

"வாரக் கடைசியிலயா? தெனமும் காலையில எடுக்க வேண்டியதாச்சே அது." நெலிடா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பின்னால் நிற்கிறவர்களையும் பார்த்தாள். "சரி, போ. அதுக்குன்னா எடுத்துக்க. எங்கிட்ட எவனாவது அதை எடுக்காம எண்ணோட வந்து நின்னா பஸ்ஸு ஏத்தி ஊருக்கு அனுப்பிருவேன்."

ஹெலோயிசாவின் காது மடல்கள் சிவந்தன.

வடிகட்டியை ஜுஸாராவே மாட்டினாள். திருகாணியை முறுக்கும்போது கை நடுங்கவில்லை என்பதை அவளே கவனித்தாள். அடுப்பு எரிந்தது, காற்று ஓடியது, வடிகட்டியைத் தாண்டி ஒரு துகள்கூடப் போகவில்லை என்று துகள் எண்ணும் கருவி சைபர் காட்டியது. ஒளியை ஏற்றத் தொடங்கினாள். நான்கில் ஒன்றுமில்லை. நான்கு புள்ளி மூன்றில் ஒன்றுமில்லை. வாக்னர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவது கேட்டது. நான்கு புள்ளி ஆறில் கோடு தலையைத் தூக்கியது. அப்படியே மேலே ஏறிக்கொண்டே போயிற்று. பன்னிரண்டரைக்குக் கைதட்டல் வாங்கிய அதே கோடு, அதே சரிவு, அதே உயரம். பறப்பதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை. எலக்ட்ரான் மட்டும் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

அர்ஜென்டினாக்காரர்களில் ஒருவன் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் போய்விட்டான்.

"இது இப்போதைக்கு இந்த ரூமை விட்டு வெளிய போக வேணாம்," என்றார் ஹெலோயிசா.

அப்போதுதான் ஜுஸாரா வெடித்தாள். "எதை மேடம் வெளிய விடாம வைக்கப் போறீங்க? எல்லாம் வெளியதான் போயிருக்கு நாலு வருஷமா. எங்க கை சரியில்லன்னு சொல்லிச் சொல்லியே கொன்னீங்களே. வாக்னர், நீ சோம்பேறித்தனமா அழுக்க விட்டே, நான் ஒழுங்காத் தொடச்சதக் குத்தம்னு ஆக்கிட்டீங்க. தொடைக்காதவனுக்கு வேலை, தொடைச்சவளுக்குப் பட்டப்பேரு. நல்லா இருக்கு உங்க நியாயம்."

"கத்தாத ஜூ," என்றான் வாக்னர். "கையெழுத்து உன்னுது."

"என்னுதுதான். இல்லன்னு எவ சொன்னா?"

இன்றைய ஏட்டை இழுத்துத் திறந்தாள். இன்றைய வெற்றோட்டத்தின் முடிவை எழுதினாள். அதற்குக் கீழே, நான்கு வருஷத்துக்கு முந்தைய அந்த ஆறு தேதிகளையும் வரிசையாக எழுதி, அந்த நாட்களில் வெற்றோட்டம் எடுக்கப்படவில்லை, சரி என்று போட்டது நான்தான், பார்க்காமல் போட்டேன் என்று எழுதி, முதலெழுத்து போடாமல் முழுப் பெயரையும் போட்டாள். வாக்னர் குனிந்து படித்தான்.

"எடுக்கலன்னு மட்டும் எழுதினாப் போதுமே," என்றான். "உன்னை நீயே எதுக்கு இழுத்து விட்டுக்கிற?"

அவள் பேனாவை அவன் பக்கம் தள்ளினாள். அவன் அதைத் தொடவில்லை. அதன்மேல் வைத்த கண்ணையும் எடுக்கவில்லை. ஹெலோயிசா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, நவம்பரைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் என்ற சொல்லுக்கு அவர் அகராதியில் என்ன பொருள் என்பது ஜுஸாராவுக்குத் தெரியும்.

வெளியே வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. கார்கள் நிற்கிற இடத்துக்கு அப்பால் கம்பிவேலி, அதற்கு அப்பால் அறுத்து முடித்த கரும்புக் காடு. தொலைபேசியிலேயே டெல்மாவின் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தாள். மூன்றாவது கடிதத்தின் அடியில் இருந்த எண்ணை அழுத்தினாள். எண் மாறியிருக்க வேண்டும் என்று மனசின் ஒரு ஓரம் வேண்டிக்கொண்டது. மாறவில்லை.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"டெல்மாதானே? நான் ஜுஸாரா. ஒளி வளையத்துல இருந்து பேசுறேன். கரும்புப் புகை, நாலு புள்ளி ஆறு..."

ஒரு கதவு சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. பிள்ளைகளின் சத்தம் கொஞ்சம் அடங்கியது.

"சொல்லுங்க."

"உங்க கை சரியாத்தான் இருந்துச்சு. அந்த எண்ணுதான் தப்பு. கூம்புல படிஞ்ச அழுக்கை அளந்திருக்கோம். இன்னிக்குத்தான் பாத்தோம். உங்களுக்கு வந்ததுதான் சரி."

இதைச் சொல்லிவிட்டால் மனசில் ஏதோ இறங்கிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள்.

"எனக்கு அஞ்சு புள்ளி மூணு வந்துச்சு," என்றாள் டெல்மா.

"ஆமா. எனக்கும்."

"உங்களுக்கும்னா? எப்ப?"

ஜுஸாரா கம்பிவேலிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எப்பவுமே. மொதல்ல இருந்தே."

"நான் கடிதம் போட்டப்பவும்?"

"அப்பவும்."



"அதை ஒரு வரி எழுதியிருந்தா நான் உங்க காலத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்," என்றாள் டெல்மா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டுப் பழகிய வாத்தியாரின் குரல், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. "கூம்பத் தொடைன்னு எழுதினீங்க. தொடைச்சேன். ரெண்டு வருஷம் தொடைச்சேன்."

"தெரியும். நான்..."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

கதவு திறந்தது. பிள்ளைகளின் இரைச்சல் குபீரென்று காதில் அடித்தது. மேசைமேல் எதையோ வைக்கிற டக்கென்ற சத்தம் கேட்டது. டெல்மா தொலைபேசியை அணைக்கவில்லை. அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். யார் எழுந்து நின்னது, உக்காரு, அடுத்த கணக்கை எழுதிக்கங்க என்று அவள் குரல் தள்ளியிருந்து வந்தது. சாக்பீஸ் கரும்பலகையில் உரசியது. ஒரு பையன் ஏதோ சொல்ல வகுப்பே சிரித்தது. ஜுஸாரா தொலைபேசியைக் காதில் அழுத்திப் பிடித்தபடி வெயிலில் நின்றாள். அங்கே டெல்மா பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். மூன்றில் இரண்டு, ஐந்தில் நான்கு என்று பிள்ளைகள் ஒருமித்த குரலில் சொல்லச் சொல்ல, இவள் அணைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றாள்.